தட்டு அரிசி

வாத்தியார் வீட்டு முன்னறையில், கரும்பலகைக்குக் கீழே, ஒரு எவர்சில்வர் தட்டில் அரிசி இருக்கும். அதை யாரும் களைந்ததில்லை, உலையில் போட்டதில்லை. பிள்ளைகளின் வேர்வைக் கை பட்டுப் பட்டுப் பழுப்பேறி, பாதி நொய்யாகிக் கிடந்தது. கோழிக்குப் போட்டால் கோழிகூட ஒரு தடவை யோசிக்கும். ஆனால் அந்த வீட்டுக்கு இங்கிலீஷ் படிக்க வந்த ஒரு பிள்ளையாவது அந்தத் தட்டுக்கு முன்னால் குந்தாமல் கரையேறியிருக்கிறதா என்றால், கிடையாது.

விஷயம் இதுதான். இங்கிலீஷில் சில பெயர்ச்சொற்களை எண்ணலாம், சிலவற்றை எண்ணக் கூடாது. நாற்காலியை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம். எல்லாவற்றையும் சேர்த்து ஃபர்னிச்சர் என்று சொல்லிவிட்டால் அப்புறம் எண்ணக் கூடாது. பெட்டியை எண்ணலாம், லக்கேஜை எண்ணக் கூடாது. எண்ணக் கூடாததற்குப் பின்னால் 'ஸ்' ஒட்டக் கூடாது, முன்னால் 'எ' வைக்கக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க உலகத்தில் எத்தனையோ வழி இருக்கும். வாத்தியார் கண்டுபிடித்தது தட்டு. எண்ணக் கூடாததை எண்ணிவிட்டவன் சுவரோரம் குந்தி நிஜமாகவே எண்ண வேண்டும். தட்டிலிருந்து ஒவ்வொரு அரிசியாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டு, இங்கிலீஷில், வாய்விட்டு, வாத்தியார் கிண்ணத்தைப் பார்த்துப் போதும் என்று சொல்கிறவரை. எதிரில் பிள்ளைகளில் ஒன்று மானிட்டராக உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கை தப்பினால் மானிட்டர் "முதல்லேர்ந்து" என்று சொல்லும். கிண்ணத்தைத் தட்டில் கவிழ்த்துவிட்டுத் திரும்ப 'ஒன்'னில் ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அதிலும் பெரிய கூத்து என்னவென்றால், தப்புச் செய்தவனை வாத்தியார் போ என்று சொல்ல மாட்டார். தப்பு என்றும் சொல்ல மாட்டார். பேசாமல் விட்டத்தைப் பார்ப்பார். அவனே தெரிந்துகொண்டு, அவனே எழுந்து போக வேண்டும்.

"நான் சொல்லி நீ எந்திரிச்சா அது ரெண்டு தட்டு. நீயா எந்திரிச்சா ஒரு தட்டு. போலீஸ்காரன் வெளில நிக்கக் கூடாதுடா, உள்ள உட்காந்திருக்கணும்" என்று நெஞ்சில் தட்டிக் காட்டுவார்.

பெற்றவர்களுக்குப் பரம திருப்தி. மார்க் வருகிறதே, பிறகென்ன!

அந்த வீட்டில்தான் சின்னவள் இருந்தாள். வாத்தியார் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தங்கை. வேலைக்கென்று வெளியூர் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்டான் என்று தெரிந்ததும், கைப்பிள்ளையோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். வந்தவளை அக்கா கட்டிப்பிடித்து அழுதாள். அழுகை ஓய்ந்ததும், "அடுப்படில பாத்திரம் கிடக்கு பாரு" என்றாள். அதோடு சரி. கைப்பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறது. பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்ததால் பூச்சி என்று கூப்பிட்டது, பள்ளிக்கூடத்தைத் தவிர எல்லா இடத்திலும் அதுவே பெயராகிவிட்டது.

இரண்டு படுக்கையறையும் வாத்தியாருக்கும் அவருடைய புத்தகத்துக்கும் போக, தாயும் மகளும் படுப்பது முன்னறையில். சாயங்கால வகுப்பு முடிந்து பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி, சாக்பீஸ் தூளைக் கூட்டிவிட்டுப் பாய் விரிக்க வேண்டும். காலை வகுப்புக்குப் பிள்ளைகள் வருவதற்குள் சுருட்டிவிட வேண்டும். முன்னறைக்கும் கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. பூச்சி உடுப்பு மாற்ற அலமாரிக்குப் பின்னால் போகும். சின்னவள் ஒரு போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள் காய்ச்சல் என்று பூச்சி எழுந்திருக்கவில்லை. வகுப்புக்கு முன்னதாகவே வந்துவிட்ட பையன்கள் அதைச் சுற்றி நின்று, அது வாயைத் திறந்து தூங்குகிற அழகைப் பார்த்திருக்கிறார்கள். அதன்பிறகு வகுப்பில் ஒருவன் தினமும் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக் காட்டுவான். பூச்சி யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் மட்டும் ஒரு நாள், "நமக்குன்னு ஒரு கதவு இருந்தா நல்லாருக்கும்மா" என்றது.

சின்னவள் வேலை பார்த்தது ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில். அடித்தளத்தில் ஜன்னலில்லாத நீள அறை. மேல் மாடிகளிலிருந்து அழுக்குத் துணி ஒரு குழாய் வழியாகப் பொத்துப் பொத்தென்று வந்து விழுந்துகொண்டே இருக்கும். பிரித்து உதறினால் என்னென்னவோ கிடைக்கும். மூக்குக் கண்ணாடி, பாதி தின்ற பிஸ்கட், ஒரு தடவை ஒரு செட் பல். காபிக் கறை தனி, ரத்தக் கறை தனி, உதட்டுச்சாயம் தனி என்று ஒதுக்கி, வண்டியில் தள்ளித் தராசில் ஏற்றுவார்கள். மிஷினுக்கு எடைதான் கணக்கு. எத்தனை துணி என்று அது கேட்காது. வெந்து, அலசி, பிழிந்து வந்த விரிப்புகளை இரண்டு பேர் இரு முனை பிடித்துச் சூடான ரோலருக்குள் விட வேண்டும். அந்தப் பக்கம் பலகை மாதிரி வெளியே வரும். அப்புறம் மடித்துப் பத்துப் பத்தாகக் கட்டி மேலே அனுப்பும்போதுதான் எண்ணிக்கை. நாள் முழுக்க நீராவியிலும் சோப்பிலும் கிடந்து சின்னவளின் விரல்கள் உப்பிப்போய் நுனி மரத்துப் போயிருந்தன.

சேதியைக் கொண்டுவந்தது ரோலரக்கா. ரோலரில் பல வருஷம் நின்றவள், இரண்டு முன்கையிலும் சூட்டுத் தழும்பு.

"ஏய், மூணாவது மாடி சூப்பர்வைசர் பொண்ணு வேலைய விடுதாம். கீழ இருக்கறவங்கள்லேர்ந்தே ஆள் எடுக்கப் போறாங்களாம். பேர் குடு."

"நானாக்கா? இங்கிலீஷ்ல கேப்பாங்களே."

"வீட்டுக்குள்ளயே வாத்தியார வச்சுக்கிட்டு இங்கிலீஷ் கேப்பாங்கன்னு அழறியே, உன்ன எதால அடிக்கிறது?"

"அது எங்க அக்கா வீடுக்கா. என் வீடு இல்ல."

"அதுக்குத்தான்டி சொல்றேன். சூப்பர்வைசருக்குப் பின்னாடி கட்டடத்துல குவார்ட்டர்ஸ் உண்டு. ஒத்த ரூம்தான். ஆனா குளிக்கற இடம் உள்ளயே. உள்தாழ்ப்பாள் போட்டுக்கலாம். ஒரு பய உன்ன ஏன்னு கேக்க மாட்டான்."

உள்தாழ்ப்பாள் என்ற சொல் சின்னவளின் காதிலேயே நின்றுவிட்டது. விரிப்பின் முனை கை நழுவி ரோலரில் கோணலாகப் போனது.

"பாத்து! கைய உள்ள விட்டுறாத, அப்பறம் சூப்பர்வைசர் ஆக முடியாது" என்று ரோலரக்கா சிரித்தாள்.

அன்று மாலை சின்னவள் வாத்தியாருக்குக் காபி கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"என்ன?" என்றார்.

"அத்தான், எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் சொல்லித் தரணும். வேலைல பரீட்சை மாதிரி வைக்கிறாங்க."

வாத்தியார் காபியை உறிஞ்சினார். உள்ளேயிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "எதுக்குடி? துணி என்ன இங்கிலீஷ்ல பேசுதா?"

"சூப்பர்வைசர் வேலைக்குக்கா. ரூம் தருவாங்களாம்."

"ஓஹோ, ரூமு." அக்காவின் முகம் ஒரு நிமிஷம் என்னவோ போல் ஆனது. பாத்திரமும் துணியும் சமையலும் கைமாறிப் போகிற கணக்கு அதில் ஓடியிருக்க வேண்டும். "போ, போ, நல்லாப் போ. இத்தன வருஷம் சோறு போட்டதுக்கு இதுதான் மரியாதை."

"சும்மா இரு" என்றார் வாத்தியார். அவருக்குக் கண்ணில் ஒரு பளபளப்பு வந்திருந்தது. புது மாணவர் யார் கிடைத்தாலும் வருகிற பளபளப்பு அது. "தனியால்லாம் சொல்லித் தர முடியாது. சாயங்கால க்ளாஸ்ல புள்ளைங்களோட உட்காரு. ஒன்னு ஞாபகம் வச்சுக்க. க்ளாஸ்ல நான் அத்தான் கிடையாது."

"சரிங்க சார்" என்றாள் சின்னவள், அப்போதே.

மறுநாள் ஹோட்டல் உடுப்போடேயே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். முட்டி பெஞ்சில் இடித்தது. பூச்சி முதல் பெஞ்சிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்து, வெட்கமும் சந்தோஷமுமாக நெளிந்தது.

வாத்தியார் நன்றாகத்தான் பாடம் எடுத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "ஹேர்! தலைல இருக்கறத எண்ண முடியுமா?"

"முடியாது சார்!"

"அப்ப ஹேர்ஸ் கிடையாது. ஷீ ஹாஸ் லாங் ஹேர். ஆனா சாப்பாட்டுல ஒன்னு விழுந்து கிடந்தா? எண்ணலாம். எ ஹேர். நேத்து என் தட்டுல கிடந்துச்சு, எ ஹேர். சமைச்சவங்க இங்கதான் கடைசி பெஞ்சுல உட்காந்திருக்காங்க."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

"அட்வைஸ்! எண்ண முடியுமா? எங்க வீட்டம்மா குடுக்கறத எண்ண ஆரம்பிச்சா உங்க பேரன் காலத்துலதான் முடியும். அதனால அட்வைஸஸ் கிடையாது. சரி, கடைசி பெஞ்சு. கெஸ்ட் கார்ல வந்து எறங்கறாரு. பொட்டியெல்லாம் எத்தனைன்னு தெரியணும். எப்படிக் கேப்பே?"

சின்னவள் எழுந்து நின்றாள். ஹோட்டல் வாசலில் தினமும் காதில் விழுகிற கேள்விதான். "ஹவ் மெனி லக்கேஜஸ் சார்?"

வாத்தியார் விட்டத்தைப் பார்த்தார்.

அறை அடங்கிவிட்டது. சின்னவள் சரியாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்து உட்கார்ந்தாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூச்சியின் காதெல்லாம் சிவந்துவிட்டது. அது திரும்பாமலே, பல்லைக் கடித்துக்கொண்டு, "அம்மா, எந்திரி" என்றது.

"யாரோ சொல்லித்தான் எந்திரிக்கறாங்க. ரெண்டு தட்டு" என்றார் வாத்தியார். "மானிட்டர் பூச்சி. அம்மான்னு பாவம் பாத்தே, நீயும் பக்கத்துல குந்திக்க."

சின்னவள் சுவரோரம் குந்தினாள். அவளுடைய மரத்துப்போன விரலுக்கு ஒற்றை அரிசி அகப்படவில்லை. ஒன்றை எடுத்தால் மூன்று வந்தது. 'ஒன்' என்று சொல்லிக் கிண்ணத்தில் போட்டால் கூட இரண்டு போய் விழுந்தது. பூச்சி பார்த்தது. மூச்சு விடவில்லை. வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பியபோது, அது சடாரென்று ஒரு பிடி அரிசியை அள்ளிக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, பரம சாதுவாக உட்கார்ந்துகொண்டது. சின்னவள் வாய்க்குள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

பிறகு அடுப்படியில் பாத்திரம் கழுவுகையில் இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். "திருட்டுக் கழுதை" என்றாள் சின்னவள். "நீதான் மூணு மூணாப் போட்டே" என்றது பூச்சி.

நாட்கள் போயின. தட்டு இல்லாத நாள் இல்லை. எ பிரெட் என்றாள், தட்டு. டூ சோப்ஸ் என்றாள், தட்டு. வேலையிடத்தில் விரிப்பை உதறிக்கொண்டே முணுமுணுப்பாள்: எ பார் ஆஃப் சோப், எ பீஸ் ஆஃப் லக்கேஜ், எ பீஸ் ஆஃப் ஃபர்னிச்சர்.

"என்னடி, மந்திரமா?" என்பாள் ரோலரக்கா.

"ஆமாக்கா. வீட்டுக் கதவு தொறக்கற மந்திரம்."

இப்படி முணுமுணுத்துக்கொண்டு இருந்தபோதுதான் ஒரு நாள் அவளுக்கு ஒன்று தோன்றியது. குழாயில் விழுந்து கிடக்கிற குவியலை யாரும் எண்ணுவதில்லை, நிறுக்கிறார்கள். ரோலரைத் தாண்டி மடிந்து வந்தால்தான் எண்ணுகிறார்கள். குவிந்து கிடந்தால் லினன், எண்ணக் கூடாது. மடிந்தால் ஷீட், எண்ணலாம். அட, இதுதானா விஷயம்! அவளுக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அன்று வகுப்பில் யாரும் கேட்காமலே எழுந்து நின்று அதைச் சொன்னாள்.

வாத்தியார் முழுக்கக் கேட்டார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டார். "ஊரான் மூத்திரத் துணிய வச்சு எனக்கு கிராமர் சொல்லித் தர வந்துட்டாங்கப்பா. டேய், ஜன்னலத் தெறங்கடா, நாத்தம் தாங்கல."

பையன்கள் ஓடிப்போய் நிஜமாகவே ஜன்னலைத் திறந்தார்கள். ஒருவன் சட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். சின்னவள் உட்கார்ந்துவிட்டாள். பூச்சி அன்று அடுப்படிக்கு வரவில்லை.

அதற்கப்புறம் அவள் வகுப்பில் வாயைத் திறந்தால் பாடத்தை மட்டும்தான் சொல்வாள். தப்பு விழுந்த அந்த நிமிஷமே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிவதற்கு முன்னால் கால் தெரிந்துகொள்ளும். வாத்தியார் விட்டத்தைப் பார்ப்பதற்குள் சுவரோரம் போய்த் தட்டை இழுத்துக்கொண்டிருப்பாள். "பாருங்கடா, இதுதான் டிசிப்ளின்! மாட்டுக்குக்கூட வந்துரும் போல" என்று வாத்தியார் மெச்சுவார்.

நேர்காணலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ரோலரக்கா காவலாளியிடம் கெஞ்சிச் சாவி வாங்கி, அந்தக் குவார்ட்டர்ஸ் அறையைத் திறந்து காட்டினாள். பூச்சியும் வந்தது. சின்ன அறைதான். ஒரு இரும்புக் கட்டில், சுவரில் ஆணி, பின்புறச் சந்துப் பக்கம் பார்த்த ஜன்னல். பூச்சி எதையும் பார்க்கவில்லை. நேரே கதவுக்குப் போய், பெரியவர்கள் இருவரையும் வெளியே தள்ளி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது.

"பூச்சி, தெற."

தாழ்ப்பாளைத் திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், திரும்பத் திறக்கிற சத்தம். பிறகு அமைதி.

"என்னடி பண்றே உள்ள?"

"ஒன்னும் பண்ணலம்மா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சும்மா இருக்கேன்."

ரோலரக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு நடக்கும்போது பூச்சி, "வந்துடும்லம்மா?" என்று கேட்டது. "வந்துடும்" என்றாள் சின்னவள். சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு எதைச் சொல்வாள்?

நேர்காணல் மேல்மாடி அலுவலகத்தில். கம்பளம் போட்ட அறை, நீள மேஜை. ஹோட்டல் மேனேஜர், அறைப் பராமரிப்பைப் பார்க்கிற மேடம், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கண்ணாடிக்காரர். சின்னவளுக்கு முன்னால் போனவள், அறை கூட்டுகிற ஒரு நெட்டைப் பெண். எதைக் கேட்டாலும் 'நோ ப்ராப்ளம்' என்பதால் அதுவே அவளுக்குப் பட்டப்பெயர். வெளியே வந்தவள் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, "கேட்டாங்க, எனக்கு ஒரு மண்ணும் புரியல. நோ ப்ராப்ளம் சார்னு சொல்லிட்டேன்" என்று சிரித்தாள்.

சின்னவளுக்கு முதலில் எல்லாம் நன்றாகவே போயிற்று. பெயர், எத்தனை வருஷ வேலை, கறை எடுப்பது எப்படி. மேடத்துக்கு அவளை முன்பே பிடிக்கும். ஒவ்வொரு பதிலுக்கும் தலையாட்டினாள். லக்கேஜ் வந்தது, 'எ பீஸ் ஆஃப்' போட்டாள். சோப்பு வந்தது, தப்பித்தாள். கண்ணாடிக்காரர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அது நல்ல சகுனம்தான். கடைசியாக ஒன்று என்று மேனேஜர் இங்கிலீஷில் கேட்டார்: ஒரு குடும்பம், சின்னக் குழந்தை, கூடுதலாக ஒரு கட்டில் வேண்டும், அறையில் இடமில்லை. என்ன செய்வாய்?

சின்னவளுக்குப் பதில் தெரியும். பல தடவை பார்த்த வேலை. "நோ வொரி, சார். ஐ வில் மூவ் தி ஃபர்னிச்சர்ஸ்..."

மேனேஜர் தலையாட்டினார். மேடம் புன்னகைத்துக்கொண்டுதான் இருந்தாள். கண்ணாடிக்காரர், கண் வலித்ததோ என்னவோ, நாற்காலியில் சாய்ந்து மேலே விட்டத்தைப் பார்த்தார்.

சின்னவள் எழுந்தாள். நாற்காலியை ஓசைப்படாமல் பின்னுக்குத் தள்ளிவிட்டு, நேரே சுவரோரம் போனாள். அங்கே குந்தினாள். வலது கை முன்னால் நீண்டு, கம்பளத்தின் மேல் தட்டைத் தேடியது.

"என்னம்மா? என்ன ஆச்சு? மயக்கமா?" மேடம் பதறி எழுந்து வந்தாள்.

சின்னவளுக்கு அப்போதுதான் தான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தாள். கால் எழவில்லை. போதும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லையே.

"தப்பா சொல்லிட்டேன் மேடம். ஃபர்னிச்சர்ஸ்னு சொல்லிட்டேன்."

"சொன்னா என்ன? நாங்களும் அப்படித்தான் சொல்றோம்!" என்றாள் மேடம். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை. கண்ணாடிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை. மேனேஜர் தண்ணீர் டம்ளரை நீட்டினார். அது அவள் கையில் ஆடி உடுப்பெல்லாம் கொட்டியது.

சாயங்காலமே முடிவு தெரிந்துவிட்டது. மேடம் கீழே சலவைப் பிரிவுக்கே வந்து, ரோலர் இரைச்சலில் அவள் காதருகே குனிந்து, "வேலை உனக்குத் தெரியும். அதுல சந்தேகமே இல்ல. ஆனா இப்படி நடுங்கறவங்க கைல ஒரு மாடிய எப்படிம்மா குடுக்கறது? கெஸ்ட் ஒரு சத்தம் போட்டா என்ன பண்ணுவே?" என்றாள். வேலை நோ ப்ராப்ளத்துக்குப் போய்விட்டது. ரோலரக்கா விரிப்பின் அந்த முனையைப் பிடித்தாள். இந்த முனையைச் சின்னவள் பிடித்தாள். ஷிப்ட் முடிகிறவரை இருவரும் அப்படியே வேலை செய்தார்கள்.

வீட்டு வாசலில் ஒரு துணிப்பையும் பள்ளிக்கூடப் பையும் சேர்த்து வைக்கப்பட்டிருந்தன. துணிப்பையின் மேல் பூச்சியின் தலையணை, கயிறு போட்டுக் கட்டி.

"வா, வா. உன் மக மத்தியானமே மூட்டை கட்டிட்டா," என்றாள் அக்கா. "தெருப் புள்ளைங்ககிட்டல்லாம் போயிட்டு வரேன்னு சொல்லியாச்சு. என்ன, எப்பப் போறீங்க?"

பூச்சி படியில் நின்றுகொண்டிருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"கிடைக்கல" என்றாள் சின்னவள்.

வாத்தியார் உள்ளேயிருந்து வந்தார். "ஏன்? எந்த எடத்துல வுட்டே? எந்த வேர்டு?"

அவர் எந்த வேர்டு என்று கேட்டால் சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம். சொல்லிவிட்டாள். எழுந்து போனதை, குந்தியதை, கை தட்டைத் தேடியதை, எல்லாவற்றையும்.

வாத்தியார் முதலில் நம்பவில்லை. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அய்யோ, அய்யோ, அவ்வளவு பெரிய மனுஷங்க முன்னாடி போய் மூலைல குந்துனியாடி? அரிசி எங்கன்னு கேட்டியா?"

"சிரிக்காத," என்றார் வாத்தியார், மூச்சு வாங்கிக்கொண்டு. முகம் மெதுவாக மாறி, அதில் ஒரு பெருமை வந்து உட்கார்ந்தது. "யோசிச்சுப் பாரு. நான் அங்க இல்ல. தட்டு அங்க இல்ல. ஒருத்தனும் ஒரு வார்த்த சொல்லல. இவளா எந்திரிச்சிருக்கா! எத்தன வருஷமா சொல்லித் தரேன், ஒரு பயலுக்கு இது வந்ததில்ல."

சின்னவள் மகளைப் பார்த்தாள். பூச்சி சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கயிற்றை அவிழ்த்தது. தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. அன்று உடுப்பு மாற்ற அலமாரிக்குப் பின்னால் போனபோது சின்னவள் போர்வையோடு ஓடினாள். "வேணாம், நீ போ" என்றது பூச்சி.

மறுநாள் வகுப்பில் வாத்தியார் பாடத்தைத் தொடங்கவே இல்லை. நேற்றைய கதையை ஆரம்பத்திலிருந்து நடித்துக் காட்டினார். நாற்காலியைத் தள்ளினார், நடந்தார், குந்தினார், கையால் தரையைத் துழாவினார். பையன்கள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். குறட்டைப் பையன் எழுந்து, அவனும் ஒரு தடவை குந்திக் காட்டினான்.

"இதான்டா என் ஸ்டூடண்ட்," என்றார் வாத்தியார். அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். "சின்னவளே, இங்க வா."

சின்னவள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அங்க தட்டு இல்ல, சரி. தப்பு இருக்குல்ல? அது அப்படியே நிக்குதே. உட்காரு. மானிட்டர் பூச்சி."

போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லிவிட்டு அந்தத் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? சின்னவள் போய்க் குந்தினாள். பூச்சி எதிரில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தது.

"ஒன். டூ. த்ரீ."

ஒவ்வொன்றாகத்தான் எடுத்தாள். விரலுக்கு இப்போது பழகிவிட்டிருந்தது. ஒன்று எடுத்தால் ஒன்றுதான் வந்தது. பிள்ளைகள் அவரவர் நோட்டில் எழுதத் தொடங்கினார்கள். வாத்தியார் பலகைப் பக்கம் திரும்பினார். சின்னவள் எண்ணிக்கொண்டே ஓரக்கண்ணால் மகளைப் பார்த்தாள். ஒரு பிடி அள்ளிப் போடும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முகத்தில் ஒரு சின்ன அசைவு, ஒரு கண் சிமிட்டல் வந்தால் போதும், இந்த நாளைக் கடந்துவிடுவாள்.

பூச்சி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. கிண்ணத்தின் அடி மறைகிற அளவுக்கு அரிசி சேர்ந்தபோது நிமிர்ந்தது.

"முதல்லேர்ந்து."

சின்னவளுக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது. குரலைத் தாழ்த்தி, "நான் தப்பா எண்ணலையே, பூச்சி" என்றாள்.

"மானிட்டர் சொன்னா சொன்னதுதான்." பூச்சியின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "முதல்லேர்ந்து எண்ணுங்க."

எண்ணுங்க. அம்மாவிடம் அது ஒரு நாளும் அப்படி 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"வெரி குட்," என்றார் வாத்தியார், பலகையில் எழுதிக்கொண்டே.

மகள் மேல் சின்னவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. கிண்ணத்தை எடுத்துத் தட்டில் கவிழ்த்தாள். ஒரு அரிசி உருண்டு பூச்சியின் காலருகே போய் நின்றது. பூச்சி அதை விரல் நுனியால் எடுத்து, பத்திரமாகத் தட்டில் திரும்பப் போட்டது.

"ஒன்," என்றாள் சின்னவள்.